கட்டணமில்லாப் பயணச்சீட்டும் கட்டணமில்லா வக்கீலும்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். குறைந்த ஒன்றரையில் ஒன்றை முதலில் வந்த வக்கீலும், அரையை அவருடைய குமாஸ்தாவும் தின்றார்கள். எந்த மாவட்டம் என்று எழுதவில்லை. அதே வளாகத்துக்கு இன்னும் வாய்தாவுக்குப் போகிறவர்கள் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார்கள்.

நான் தையல்காரி. நூல்கண்டுக்குக்கூட இதுவரை விமர்சனம் எழுதியதில்லை. ஆனால் போன வருஷத்திலிருந்து அளவு கொடுக்க வருகிற பெண்களில் நாலு பேராவது, "அக்கா, நீங்க பஸ் கேஸ்ல பணம் வாங்கினீங்களாமே, எப்படி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசுவதற்கு ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2023 ஜூலை. பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். நிறுத்தத்தில் நின்றது, எனக்கு முன்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். நான் கடைசிப் படியிலிருந்து வலது காலைத் தரையில் வைக்கும்போது விசில். பஸ் நகர்ந்தது. கால் தரையில், உடம்பு பஸ்ஸோடு. கணுக்கால் திருகிய சத்தம் எனக்கே கேட்டது, காடாத் துணியைக் கிழிக்கிற மாதிரி. இரண்டு பக்கமும் எலும்பு முறிவு. ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ.

ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவை ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. யார், எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வழக்கின் விதி அந்த முதல் ராத்திரியிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்பது பின்னால்தான் புரிந்தது. கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். எப்படி அடிபட்டது என்று டியூட்டி டாக்டர் அதில் ஒரு வரி எழுதுவார். என் பதிவில் "தவறிக் கீழே விழுந்ததாக" என்று ஆரம்பித்திருந்தார். பஸ் என்ற வார்த்தையே இல்லை. என் மகள் எட்டிப் பார்த்து, "டாக்டர், அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தாங்க, பஸ் நம்பர் இது" என்று சொன்னதால் அதையும் சேர்த்து எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வெளியே பத்து பேர் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால், நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டுப் பஸ் மேல் பழி போடுகிறேன் என்று வாதாட, பஸ்ஸின் உரிமையாளரான அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வழி கிடைத்திருக்கும்.

இரண்டாவது காகிதத்தில் கோட்டைவிட்டோம். ராத்திரி பத்து மணிக்கு ஏட்டு ஒருவர் வாக்குமூலம் எழுத வந்தார். ஊசி மயக்கத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதிப் படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். அதில் "பஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போது இறங்கினேன்" என்று இருந்தது. நான் சொன்னது, "இறங்கிக்கொண்டிருக்கும்போது பஸ் நகர்ந்தது." அதே வார்த்தைகள்தான், இடம் மாறி நிற்கின்றன. முன்கழுத்துத் துணியைப் பின்கழுத்துக்கு வைத்துத் தைத்த மாதிரி. ஓட்டுநர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், சரி. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே "பாதித் தப்பு இந்தம்மா மேல்" என்று அடுத்த இரண்டு வருஷம் எதிர்த்தரப்பு பேசியது. மயக்கத்தில் இருந்தால் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். அல்லது கூட இருப்பவர் ஒருவர் வாங்கிப் படிக்கட்டும்.

டிக்கெட் கதையையும் சொல்லிவிடுகிறேன். வளையலுக்குள் சுருட்டிச் செருகுவது என் பழக்கம். நர்ஸ் வளையலைக் கழற்றும்போது அது விழுந்தது. பெண்களுக்குக் கொடுக்கிற கட்டணமில்லாப் பயணச்சீட்டு. மகள் அதை எடுத்து போன் கவருக்குள் வைத்தாள். பிறகு டிப்போவில் விசாரிக்கப் போன என் கொழுந்தனாரிடம் அங்கே ஒருவர் சொன்னாராம்: "ஓசியில போன டிக்கெட்டுக்கு நஷ்ட ஈடு வேறயா?" கொழுந்தனாரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் அதை நம்பினார்கள். உண்மை வேறு. ஓட்டுகிறவரின் கவனக்குறைவால் அடிபட்டவருக்கு வண்டியின் உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டும். ரோட்டோரம் நின்றவர் எந்த டிக்கெட்டும் வாங்கியிருக்க மாட்டார், அவருக்கும் உண்டு. அந்தப் பயணத்தில் நான் இருந்தேன் என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சி, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கட்டிலுக்கு ஒருவர் வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. என் பெயர், வயது, எந்தக் கால் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "அக்கா, ஒரு பைசா செலவு பண்ண வேணாம். எல்லாம் நம்ம சார் பாத்துக்குவாரு. வந்ததுல முப்பது பர்சென்ட் மட்டும்" என்று வக்காலத்துத் தாளையும் எதுவும் எழுதாத நாலு வெள்ளைத் தாளையும் நீட்டினார். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிற பழக்கம் வட்டிக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன், அதனால் போடவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா போட்டார். சாத்துக்குடியை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

கிடைக்கிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசி வழக்கு எடுப்பது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் வக்கீல் சதவீதக் கணக்கில் கேட்ட விவகாரத்தில் 2017-இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. ஊரில் நடப்பது வேறு என்று எல்லோருக்கும் தெரியும். வீடு திரும்பிய பிறகு நல்ல பெயர் உள்ள ஒரு தனியார் வக்கீலையும் பார்த்தோம். மரியாதையாகப் பேசினார், இருபது சதவீதம் கேட்டார். ஆட்கள் வைத்திருக்கிறார், வேலை வேகமாக நடக்கும் என்பது அவருடைய அலுவலகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்போது ஒரு வாடிக்கையாளர்ப் பெண் சொல்லித்தான் 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தேன். இது சட்ட உதவிக்கான எண். உங்கள் மாவட்ட கோர்ட்டு வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, நேரில் போங்கள் என்றார்கள்.

போனேன். வாக்கரோடு ஆறு படி ஏற வேண்டியிருந்தது. கால் உடைந்தவர்கள் வருகிற இடத்துக்குச் சரிவுப் பாதை இருந்தும் அதன் மேல் யாரோ பைக் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நல்ல விதமாகத்தான் நடத்தினார்கள். வெள்ளைத் தாளில் மனு, ஆதார் நகல், அவ்வளவே. வருமானச் சான்று கேட்பார்களோ என்று பயந்து கிராம நிர்வாக அலுவலர் வரை போய் வந்திருந்தேன், தேவைப்படவில்லை. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு.

மனு வாங்கிய பெண் ஊழியர் முதலில் கேட்ட கேள்வி, விபத்து நடந்த தேதி. ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. "நல்ல வேளை வந்தீங்க" என்றார். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடக்கிற விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பல வருஷம் கெடுவே இருந்ததில்லை, அதனால் பழைய ஆட்களைக் கேட்டால் "எப்ப வேணா போடலாம்" என்பார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி யாரும் வீட்டில் உட்கார வேண்டாம்.

அதே சட்டத் திருத்தத்தோடு வந்த விதிகளின்படி, போலீஸ்காரர்கள் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அடிபட்டவருக்கு என்னென்ன உரிமை என்று அச்சடித்த படிவத்தைப் பத்து நாளுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும், 90 நாளில் முழு அறிக்கை வர வேண்டும். எனக்கு அந்தப் படிவம் வரவில்லை. அப்படி ஒன்று இருப்பதையே சட்ட உதவி அலுவலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில்தான் படித்தேன். விபத்து நடந்தது பக்கத்து மாவட்டம் என்பதால் அங்கே அலைய வேண்டுமோ என்ற கவலையும் அன்றைக்கே தீர்ந்தது. நாம் குடியிருக்கிற ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இனி அந்த ஒன்றரை மதிப்பெண். முதலில் எனக்குக் கொடுத்த வக்கீல் பெரியவர். எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து நஷ்ட ஈட்டு மனுவைக் கெடுவுக்குள் போட்டுவிட்டார், அந்த நன்றி உண்டு. அதற்கப்புறம் அவரைப் பார்த்தது ஒரே தடவை. இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. நான் வாக்கிங் ஸ்டிக்கோடு வராந்தாவில் நின்று, பெயர் கூப்பிடும்போது நானே "ஐயா, வக்கீல் வரலீங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. குமாஸ்தா ஒவ்வொரு நகலுக்கும் "டீ செலவுக்கு" என்று தலையைச் சொறிவார். ஐம்பது, நூறு என்று கொடுத்தேன். மூன்றாவது தடவை கொடுக்காமல் ஆணைக்குழுச் செயலாளரைப் பார்த்தேன். அந்தப் பதவியில் இருப்பவர் ஒரு நீதிபதி, பலருக்கு இது தெரியாது. வக்கீலை மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் மாற்றினார்கள். கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதால்தான் மூன்றரை, இல்லாவிட்டால் இரண்டு.

இரண்டாவது வந்தவர் என் மகளை விட நாலைந்து வயது கூடுதலான பெண். என் வழக்குக் காகிதக் கட்டை எடுத்துப் புரட்டிவிட்டு அவர் கேட்டது: "அம்மா, நீங்க தையல்காரின்னு இதுல எங்கேயாவது இருக்கா?" இல்லை. எஃப்.ஐ.ஆரில் "இல்லத்தரசி" என்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடம் காலி. இருபது வருஷம் மிஷின் மிதித்தவளுக்கு அரசாங்கத்துக் காகிதம் எதிலும் தொழிலே இல்லை.

அது ஏன் முக்கியம் என்பதை அவர் என் அளவு நோட்டிலேயே எழுதிக் காட்டினார். மருத்துவ வாரியம் எனக்கு 18 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருந்தது. இதை வைத்துப் பணம் கணக்கிட இரண்டு வழி. ஊனம் சம்பாத்தியத்தைப் பாதிக்கவில்லை என்றால் சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு சதவீதத்துக்கு 5,000 என்றது, அப்படியானால் 90,000. சம்பாத்தியத்தைப் பாதிக்கிறது என்று காட்டினால் கணக்கே மாறும். மாத வருமானம் 12,000. சொந்தத் தொழில், வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில், ஆகவே எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டி 15,000. வருஷத்துக்கு 1,80,000. வயது 43, அதற்கான பெருக்கல் எண் 14. மொத்தம் 25,20,000. அதில் 15 சதவீதம் சம்பாத்திய இழப்பு என்றால் 3,78,000. அதே கால், அதே டாக்டர் சான்று.

அந்தப் பெருக்கல் எண் 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பட்டியலிலிருந்து வருகிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு 18, ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு 9 என்று வயது ஏற ஏற இறங்கும். எதிர்கால உயர்வு 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் நிலைபெற்றது. ஆனால் எனக்குப் பிடித்தது ராஜ்குமார் என்பவர் வழக்கில் 2010-இல் சொன்ன உதாரணம். இடது கை போய்விட்டால் டாக்டர் கணக்கில் எல்லோருக்கும் ஒரே சதவீதம்தான். ஆனால் அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு முழுக்கப் போச்சு, அரசு அலுவலகத்து எழுத்தராக இருந்தால் வேலை அப்படியே இருக்கலாம். உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பதோடு நிற்காமல், பிழைப்பில் எவ்வளவு போனது என்று தீர்ப்பாயம் தனியாகப் பார்க்க வேண்டும். தையல்காரிக்குக் கணுக்கால் எது என்று யாராவது எடுத்துச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

வீட்டைப் புரட்டினோம். தையல் தொழிலாளர் நல வாரியத்து அட்டை பீரோவுக்கு அடியில் கிடந்தது, எப்போதோ பதிவு செய்து மறந்துபோனது. மிஷின் வாங்கிய ரசீது. ஏழு வருஷத்து அளவு நோட்டுகள்: பெயர், மார்பு, இடுப்பு, கை இறக்கம், ஓரத்தில் கூலி, வாங்கியதும் போடுகிற டிக். க்யூ.ஆர். கோடு ஒட்டிய பிறகு வங்கிக் கணக்கில் விழுந்த நூற்றைம்பது, இருநூறு எல்லாம். விபத்துக்கு முந்தைய ஆறு மாத வரவையும் பிந்தைய ஆறு மாத வரவையும் மகள் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். பின்னதில் முதல் நாலு மாதம் பூஜ்ஜியம். வக்கீல் அந்த நோட்டுகளை நகல் எடுத்தபோது, வாடிக்கையாளர் உடம்பளவையெல்லாம் கோர்ட்டில் கொடுக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பெயர்களை மறைத்துக் கொடுத்தார்.

"இறங்கினேனா, நகர்ந்ததா" பிரச்சினைக்கு நிறுத்தத்தில் பூக்கட்டுகிற அக்கா கைகொடுத்தார். விசில் ஊதும்போது நான் படியில் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார், குற்றப்பத்திரிகையிலும் சாட்சியாக வந்திருந்தார். அவர் வராமல் போனாலும் ஒரு வழி உண்டு என்று வக்கீல் சொல்லியிருந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய 164-ஆம் பிரிவில், யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் நிர்ணயித்திருக்கிறார்கள். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டால், தப்பை நிரூபித்துக் கேட்கிற 166-ஆம் பிரிவில் நாங்கள் போட்ட பெரிய மனு செத்துவிடும். இந்த 2.5 லட்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்கிற மக்கள் நீதிமன்றத்து மேஜையில் வரும்.

இடையில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. நுகர்வோர் கோர்ட்டில் போட்டால் சீக்கிரம் முடியும் என்றார் கொழுந்தனார். அது நடக்காது. பஸ் விபத்து நஷ்ட ஈடு நுகர்வோர் மன்றத்தின் வேலை இல்லை, தீர்ப்பாயம்தான் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அந்த வழக்கும் நம்மூர் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்டதுதான். ஓட்டுநர் மேல் உள்ள கிரிமினல் கேஸ் முடியட்டும் என்றார் இன்னொருவர். அது தனி ரூட். அதில் அபராதமோ விடுதலையோ எது வந்தாலும் நஷ்ட ஈட்டு மனு தன் பாட்டுக்கு நடக்கும்.

வராந்தாவில் காத்திருந்த நாட்களில் கேட்ட கதைகளே ஒரு வகுப்பு. லாரியும் பஸ்ஸும் மோதியதில் கை போன ஒரு பையன். இரண்டு வண்டிக்காரர்களும் நீதான் தப்பு என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பயணி மேல் தப்பில்லாதபோது முழுத் தொகையையும் அவன் யாராவது ஒருவரிடமே கேட்கலாமாம், அப்புறம் அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும். வேலை நேரத்தில் கம்பெனி பஸ்ஸில் அடிபட்ட ஒருவர், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமா மோட்டார் சட்டமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒன்றைத்தான் எடுக்கலாம், இரண்டும் கிடையாது. தனியார் பஸ்ஸில் அடிபட்டவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகம் இன்சூரன்ஸ் எடுக்காமல் தன் நிதியிலிருந்தே கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, எனவே நம் பணம் கழகத்தின் கஜானாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

2025 மார்ச், ஒரு சனிக்கிழமை, தேசிய மக்கள் நீதிமன்றம். வருஷத்துக்கு நாலு தடவை நடக்கும். கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம், மேஜைக்கு மேஜை கட்டுகள். எங்கள் மேஜையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், எதிரில் கழகத்து வக்கீலும் ஓர் அதிகாரியும். எங்கள் கணக்கு, சம்பாத்திய இழப்பு 3,78,000, நாலு மாத வருமானம் 48,000, வெளியே வாங்கிய மருந்தும் பிசியோதெரபியும் 22,000, வலிக்கு 40,000, துணைக்கு ஆள், போக்குவரத்து, சத்துணவு 30,000, ஆக 5,18,000.

அதிகாரி 2,25,000 என்று ஆரம்பித்தார். என் வக்கீல் குரலை உயர்த்தாமல், "சார், தப்பே நிரூபிக்காம 164-ல போனாலே ரெண்டரை லட்சம். தப்பை நிரூபிக்க சாட்சி வெச்சிருக்கவங்களுக்கு ரெண்டே காலா?" என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்புறம் எதிர்வக்கீல், "இப்பல்லாம் மோட்டார் வந்துருச்சே, மிஷின்ல மோட்டார் போட்டுக்கிட்டா கால் எதுக்கு?" என்று கேட்டார். என்னைப் பேசச் சொல்லவில்லை, ஆனாலும் பேசிவிட்டேன். "சார், மோட்டாருக்கும் கால்மிதி உண்டு. மிதிச்சாத்தான் ஓடும், எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு வேகம். கழுத்து வளைவுல மெதுவா மிதிக்கணும். அந்தக் கணுக்கால்தான் மடங்க மாட்டேங்குது." நீதிபதி சிரித்துவிட்டு, "அம்மா, என் வீட்டுக்காரியும் தைப்பாங்க, தெரியும்" என்றார். அதற்குப் பிறகு மோட்டார் பேச்சு வரவில்லை.

மூன்றே கால், மூன்றே முக்கால் என்று ஏறி 4,10,000-இல் நின்றது. வட்டி தனியாகக் கிடையாது. வக்கீல் என்னை வெளியே கூட்டிப் போய்த் தெளிவாகச் சொன்னார்: "சண்டை போட்டா அஞ்சு லட்சமும் ஏழரை வட்டியும் வரலாம், ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். அப்பவும் அவங்க ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போக 90 நாள் இருக்கு. இங்க முடிச்சா அப்பீலே கிடையாது, அவங்களுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. நீங்கதான் சொல்லணும்." இது வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம், வழக்கு பழையபடி நடக்கும், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மகளின் காலேஜ் கட்டணம் ஜூனில் இருந்தது. சரி என்றேன். பக்கத்து மேஜையில் ஒருவர் மாட்டேன் என்று எழுந்து போனார். அவர் செய்ததும் தப்பென்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கு வயது இருபத்தாறு, அடிபட்டது இரண்டு காலிலும்.

இரண்டு மாதத்தில் கட்டுவதாகக் கையெழுத்து. ஐந்து மாதம் ஆனது. மக்கள் நீதிமன்றத் தீர்வும் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், கட்டாவிட்டால் நிறைவேற்ற மனுப் போடலாம். நஷ்ட ஈடு தராத அரசு பஸ்ஸை அமீனா ஜப்தி செய்து கோர்ட்டு வாசலில் நிறுத்துகிற படத்தைப் பேப்பரில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள், அது இப்படித்தான். எனக்கு அந்த டவுன் பஸ்ஸையே ஜப்தி செய்து அதன் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை இருந்தது. மனு தயாரானதும் பணம் கட்டிவிட்டார்கள். அப்புறம் பணம் எடுக்க ஒரு மனு, ஒரு வாய்தா. கணக்கில் 4,10,000 முழுசாக விழுந்தது. வக்கீலுக்கு ஒரு புடவை எடுத்துப் போனேன், வாங்க மாட்டேன் என்றார். பிளவுஸ் தைத்துக் கொடுத்ததை மட்டும் கூலி கொடுத்து வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் என் கைச்செலவு நகல், ஆட்டோ, டீ செலவு எல்லாம் சேர்த்து 3,400. தனியார் வக்கீலின் இருபது சதவீதம் என்றால் 82,000.

அதற்காக எல்லோரையும் அங்கேதான் போங்கள் என்று சொல்ல மாட்டேன். கோமாவில் கிடப்பவர், முதுகுத்தண்டு அடிபட்டவர், வாழ்நாள் முழுக்க ஆள் தேவைப்படுபவர் என்றால் தொகை பெரிது, சாட்சி டாக்டர்கள் பலர், அப்பீல் நிச்சயம். அதற்கு இதையே தொழிலாக வைத்திருக்கும் அனுபவசாலி வக்கீல் வேண்டும், கட்டணத்தை முன்கூட்டியே தொகையாகப் பேசிக்கொண்டு. என்னைப் போன்ற நடுத்தரக் காயத்துக்கு, கோர்ட்டுக்கு நடையாய் நடக்கவும் காகிதம் சேர்க்கவும் வீட்டில் ஒரு ஆள் இருந்தால், ஆணைக்குழு போதும். அந்த ஆள் எனக்கு என் மகள். இலவச வக்கீல் உங்கள் பீரோவுக்கு அடியில் குனிந்து பார்க்க மாட்டார்.

இப்போது டாக்டர் பிளேட்டை எடுத்துவிடலாம் என்கிறார், பழைய எக்ஸ்ரேக்களைக் கொண்டு வரச் சொன்னார். அவை கோர்ட்டுக் கட்டில் இருக்கின்றன. திரும்ப வாங்க ஒரு மனு போட வேண்டுமாம். வக்கீலுக்கு போன் செய்தேன். "திங்கக்கிழமை வாங்கம்மா, அப்படியே அந்தப் பச்சை பிளவுஸ் கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு, பாத்துடலாம்" என்றார்.